கத்தி கற்பித்த பாடம்

தொண்டையின் முன்புறத்தே அமைந்த சிறு சுரப்பிக்குத் தைராய்டு என்று பெயர். கிரேக்க மொழியில் 'தைரியோஸ்' எனில் கேடயம். அரபு மருத்துவ நூல்களும் அப்பொருள்படவே அதனைத் 'தரகிய்யா' என்று வழங்குகின்றன; 'தரகா' என்பதும் கேடயமே. அருகிலுள்ள குருத்தெலும்பின் வடிவத்தால் வந்த பெயர் அது. ஆயினும் இக்கேடயம் உண்மையில் எதனைக் காக்கிறது என்பதை, அதனை இழந்தவர்களின் துன்பமே உலகுக்கு உணர்த்திற்று.

சுவிட்சர்லாந்தின் மலைநாட்டு மண்ணில் அயோடின் குறைவு. அதனால் அங்குக் கழுத்துக் கழலை மலிந்திருந்தது. பெர்ன் நகரப் பேராசிரியர் தியோடர் கோஹர் அதனை அறுத்தெடுப்பதில் ஈடிணையற்றவர். குருதிப்பெருக்கால் பலர் மாண்ட அந்நாளில், ஒவ்வொரு குருதிக்குழாயையும் பொறுமையுடன் கட்டி, தூய்மை பேணி, சாவைப் பெரிதும் குறைத்தார். சிலருக்குச் சுரப்பி முழுவதையுமே அகற்றினார்.

1874 ஜனவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவ்வாறே செய்தார். புண் ஆறிற்று, ஆனால் சிறுமியின் சுறுசுறுப்பு மறைந்தது. 1882இல் ஜெனீவாவின் ஜாக் ரெவர்டின், தம் நோயாளிகளிடமும் இத்தகைய மாற்றத்தைக் கண்டதாக அவரிடம் கூறினார். உடனே கோஹர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். சுரப்பியை முழுதும் இழந்தோருள் சோதிக்கப்பட்ட 18 பேரில் 16 பேர் நலிந்திருந்தனர். வீங்கிய முகம், மந்தமான பேச்சு, குளிர் தாளாமை, உதிர்ந்த தலைமயிர்! அச்சிறுமியையோ அவள் தங்கை உயரத்தில் விஞ்சியிருந்தாள்.

தைராக்சின் என்னும் ஹார்மோனை இச்சுரப்பியே குருதியில் கலக்கிறது. சுரப்பியை அகற்றிய மறுநாளே அது அற்றுப்போவதில்லை. ஏறத்தாழ வாரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆதலின் தழும்பு ஆறி, நோயாளி நன்றி கூறி வீடு சென்ற பின்னரே கேடு தலைகாட்டும். திரும்ப அழைத்துப் பாராத மருத்துவர் தம் வெற்றியை மட்டுமே காண்பார்.

1883இல் பெர்லின் மாநாட்டில் கோஹர் யாவற்றையும் மறைக்காது வெளியிட்டார். மூச்சுக்குழாய்க் கேடே காரணம் என அவர் எண்ணியது பிழை. சுரப்பியின் இழப்பே காரணம் என்று 1888இல் லண்டன் மருத்துவக் குழு முடிவு கூறிற்று. 1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மரே, இதே சுரப்பிக் குறையால் வாடிய பெண் ஒருவருக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் அமெரிக்காவின் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். இன்று சுரப்பியை முழுதும் இழந்தவரும் நாள்தோறும் ஒரு மாத்திரையால் நலமாக வாழ்கின்றனர்.

கோஹருக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் அவரது கைத்திறனைப் போற்றுகிறது. ஆனால் அந்த 18 பேரையும் நேருக்கு நேர் நோக்கிய துணிவன்றோ அதனினும் பெரிது! அவர் தம் பிழையை மறைத்திருந்தால், மருந்து பிறக்க இன்னும் எத்தனை பேர் நலிய வேண்டியிருந்திருக்குமோ?