திருகோணமலையும் ஈழத்துத் தமிழ்த் திரைப்படமும்: படிகளின் வரலாறு

1895ஆம் ஆண்டிலே, திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை இயற்றிய ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவல் சென்னையில் அச்சேறியது. எண்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னர், 1978இல், அந்நகரத்து மருத்துவர் வேதநாயகம் தயாரித்த ‘தென்றலும் புயலும்’ என்னும் தமிழ்த் திரைப்படம் திரைக்கு வந்தது. நாவல் நூற்றாண்டு கடந்தும் ஆய்வாளர் பேசும் பொருளாக நிலைத்துவிட்டது. பிற்காலத்ததாகிய திரைப்படமோ முதியோரின் நினைவிலேயே பெரிதும் வாழ்கின்றது. முன்னையது நிலைக்கவும் பின்னையது மங்கவும் காரணம் யாது? இவ்வினாவே ஈழத்துத் தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் பேணும் முயற்சிக்குத் தொடக்கமாக அமையத்தக்கது.

திருகோணமலைக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு அந்த ஒரு படத்தோடு அமைவதன்று. 1962இல் மைக் வில்சன் இயக்கிய ‘ரன் முத்து தூவ’ என்னும் சிங்களப் படம் திருகோணமலையின் கடலையும் கோணேசர் மலையையும் களமாகக் கொண்டது. முழுநீள வண்ணச் சிங்களப் படங்களுள் முதலாவதாகிய அதில், நீரடிக் காட்சிகள் புதுமையாக விளங்கின, டபிள்யூ. டி. அமரதேவ இசையமைத்தார். அதே 1962இலேதான் ஹென்றி சந்திரவன்ச இயக்கிய ‘சமுதாயம்’ வெளிவந்து, ஈழத்துத் தமிழ்ப் படங்களின் வரிசையைத் தொடக்கி வைத்தது. அது 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்டது.

அதன் பின்னர் 1983 வரை இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் படங்கள் இந்நாட்டில் உருவாயின. மலையகத் தோட்ட வாழ்வைத் தொட்ட ‘தோட்டக்காரி’ (1963), ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தைத் தழுவிய ‘கடமையின் எல்லை’ (1966), கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராசா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972), வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975), தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) ஆகியன அவற்றுட் சில. தென்னிந்தியப் படங்களின் பெருவெள்ளத்துக்கு எதிரே நின்று, குறைந்த முதலோடு, சொந்த மண்ணின் பேச்சையும் வாழ்வையும் திரையிற் காட்ட முனைந்தவை அவை. கலைத்தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது உண்மையே. ஆயினும் அக்கால வீதிகளையும் உடையையும் வட்டாரப் பேச்சையும் இத்துணை உயிர்ப்போடு காட்டும் வேறு சான்று அரிது.

1983 யூலை வன்செயலின்போது, கே. குணரத்தினத்துக்கு உரியதாய் ஹெந்தளையில் இயங்கிய விஜயா கலைக்கூடம் தீக்கிரையாயிற்று. சிங்களப் படங்களினதும் தமிழ்ப் படங்களினதும் மூலச்சுருள்கள் அங்கே எரிந்தன. இனத்தின் பேராலே மூட்டப்பட்ட தீ, இரு மொழிக் கலையையும் ஒருங்கே உண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. தீயினின்று தப்பியவற்றுக்கும் காலநிலை பகையாயிற்று. அசற்றேற்றுச் சுருள்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, வினாகிரி மணம் வீசிச் சுருங்கிவிடுவன. குளிரூட்டிய உலர்ந்த அறையின்றி அவற்றை நெடுங்காலம் காத்தல் இயலாது. துறைமுக நகரின் உப்புக்காற்றிலே வீட்டு அலுமாரியில் வைக்கப்படும் சுருளின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

எரிந்த மூலம் என்றால் இறந்த படம் என்று முடிவுகட்டலாமா? வங்கத் திரைப்பட வரலாறு இதற்கு வேறு விடை தருகின்றது. சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபுர் சன்சார்’ (1959) ஆகிய மூன்றின் மூலச்சுருள்களும் 1993இல் இலண்டன் ஆய்வுகூடமொன்றில் தீயில் அகப்பட்டன. கருகிய எச்சங்கள் அமெரிக்க அக்கடமித் திரைப்படக் காப்பகத்தில் பேணப்பட்டன. பின்னர் இத்தாலியின் பொலோஞா நகரத்துத் தொழில்வல்லுநர் அவற்றைத் திருத்தினர். மீட்கவியலாத பகுதிகளை வெவ்வேறு நிறுவனங்கள் காத்திருந்த பிரதிகளைக்கொண்டு நிரப்பினர். 2015இல் மூன்று படங்களும், இரவிசங்கரின் இசையோடு, புத்துயிர் பெற்று மீண்டும் அரங்கேறின. அவற்றைக் காத்தது ஒரு பெட்டகமன்று. பல நாடுகளிற் பரவிக்கிடந்த படிகளே. ஈழத்துப் படங்களுக்கு வாய்க்காதது இப்பரவலே எனலாம்.

எனினும் நமது படங்களின் ஒரு கூறு பரவியே இருந்தது. அது பாட்டு. ‘குத்துவிளக்கு’ படத்துக்கு ஆர். முத்துசாமியும், ‘வாடைக்காற்று’ படத்துக்கு ரி. எவ். லத்தீபும் அமைத்த இசை, திரையரங்கின் எல்லையைக் கடந்து இலங்கை வானொலி வழியே வீடுகளுக்குள் நுழைந்தது. படம் சில கிழமைகள் ஓடி மறைந்தது. பாட்டு ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. ஒலிபரப்பாளர் ஒவ்வொரு பாடலுக்கும் முன்னர் படத்தின் பெயரையும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் கூறுவது வழக்கம். அவ்வறிவிப்பே நாள்தோறும் வாசிக்கப்பட்ட ஒரு நூற்பட்டியலாயிற்று. ஒருபோதும் காணாத படங்களின் பெயர்களை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொண்டது அவ்வாறே. ஒலிநாடாவில் அவற்றைப் பதிந்துவைத்த எளிய இரசிகர், தாம் அறியாமலே காப்பாளராயினர்.

இந்த நெறி தமிழருக்குப் புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்தபோது, ஊர்தோறும் சிதறிக்கிடந்த ஏடுகளைத் தேடியே பாடம் கண்டார். சரவணமுத்துப்பிள்ளையின் தமையனாராகிய த. கனகசுந்தரம்பிள்ளையும் அப்பதிப்பு மரபிற் சிறந்து விளங்கியவர். செல்லரித்த ஏட்டுக்கு மறு ஏடு எழுதியவன் நூலைக் காத்தான். எழுதாதவன் ஏட்டை மட்டுமே காத்தான், அதுவும் சில காலமே. திரைச்சுருளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே திருகோணமலைக்குச் செய்யத்தக்க பணி தெளிவானது. திரையரங்க வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், துண்டுப் பிரசுரங்கள், நிழற்படங்கள், பத்திரிகை விமரிசனங்கள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றை வீடுவீடாகத் தேடவேண்டும். நடித்தோர், வாசித்தோர், படச்சுருள் ஓட்டியோர் ஆகியோரின் வாய்மொழியை அவர்கள் வாழும்போதே பதிதல் வேண்டும். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது வீடுகளோடு கடிதங்களும் படங்களும் கடலோடு போயின. ஓரிடத்தில் மட்டும் வைத்தல் காத்தலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் தொகுக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், அச்சிட்டவற்றுக்கு வழி காட்டியுள்ளது. ஒலிக்கும் ஒளிக்கும் அத்தகைய உழைப்புத் தேவை.

‘குத்துவிளக்கு’ தயாரித்த துரைராசாவே, 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மீளக் கட்டும் பணியில் முன்னின்ற கட்டடக் கலைஞர். கட்டடம் மீள எழுந்தது. படி எடுக்கப்படாமல் எரிந்த ஏடுகள் மீளவில்லை. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டாவது படி ஒன்றை ஆக்குவதே, அந்த இழப்பு இளந்தலைமுறைக்கு விட்டுச்சென்ற கடனாகும்.