சாராயக் கணக்கின் பிழைதிருத்தம்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுக் காய்ச்சும் ஊறல் கெட்டுப்போய் விஷமாயிற்று என்று நம்பியவர் உண்டு. ரசாயன சாஸ்திரத்தின் முன்னே அந்த விடை நிற்காது.

சர்க்கரை புளித்துச் சாராயமாகும் கணக்கே பலமுறை திருத்தப்பட்ட கணக்காகும். 1789-இல் ரசாயன அறிஞர் லவாசியே, புளிப்பதற்கு முன்னும் பின்னும் எடை மாறாது என்னும் மகத்தான தத்துவத்தை இக்கணக்கைக் கொண்டே விளக்கினார். ஆயினும் 100 பங்கு சர்க்கரையில் கரி 28 பங்கு என்று அவர் கொண்டார், உண்மையில் அது 42 பங்கு. ஒரு பிழையை மற்றொரு பிழை ஈடுசெய்ததால் விடை மட்டும் பொருந்திவந்தது. மாணவர் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் இறுதி எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் இடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நான் அறியேன். 1815-இல் கே-லுசாக் சாராயத்தின் பங்கை நூற்றுக்கு ஏறத்தாழ 51 என்று வகுத்தார். 180 கிராம் குளுகோஸிலிருந்து 92 கிராம் எதனால் என்னும் சாராயமும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும் என்று இன்று நாம் எழுதுவதும் அதையே. பின்னர் பாஸ்டர், கிளிசரினும் சக்சினிக் அமிலமும் சிறிதளவு உண்டாவதைக் கண்டு, அந்தச் சமன்பாடும் முழு உண்மையன்று எனக் காட்டினார்.

இத்தனை திருத்தங்களிலும் மெதனால் என்னும் விஷம் ஒரு முக்கியப் பொருளாக எங்கும் வரவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பழங்களின் பெக்டினிலிருந்து அற்பமாக வருவதன்றி, புளிக்கும் சர்க்கரை அதைத் தருவதில்லை. முன்னாளில் மரத்தைக் காற்றின்றிச் சுட்டு வடித்து அதைச் செய்தனர்; 1923 முதல் கரியோராக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்துப் பெரும் ஆலைகளில் அது செய்யப்படுகிறது. கருணாபுரத்துக்கு வந்த விஷம் ஊறற்பானையில் பிறந்ததன்று. தொழிற்சாலைச் சரக்கான மெதனாலைக் கலந்ததே அங்கு உயிர் குடித்தது. மெதனாலின் மூலக்கூறு எடை 32, எதனாலின் மூலக்கூறு எடை 46. ஆயினும் நிறத்தாலும் நெடியாலும் குடிப்பவனால் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

மெதனால் உடலில் பார்மால்டிஹைடாகவும், பின் பார்மிக் அமிலமாகவும் மாறிக் கண்பார்வையைக் கெடுக்கிறது. அந்த அமிலம் சேர அரை நாளோ ஒரு நாளோ ஆகலாமாதலால், குடித்த அன்று ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி வீட்டில் இருந்துவிடுவது எல்லாப் பிழைகளிலும் கொடியது. அங்ஙனம் குடித்தவர் எவரையேனும் அறிந்தால், பார்வை மங்கும்வரை காத்திராமல், உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.