வெயில் ஊரில் ஒரு கம்பளிக் குல்லா

மார்கழி பிறந்தால் போதும், மாதவரம் பால் பண்ணைப் பக்கம் விடிகாலை நடக்கப் போகும் பெரியவர்களில் பாதிப் பேர் தலையில் மங்கி குல்லா ஏறிவிடும். போன வாரம் என் பேத்தி கேட்டாள்: "பாட்டி, இந்த ஊருக்கு எதுக்குக் கம்பளித் தொப்பி?" சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

கம்பளிக் குல்லா நமக்குக் கடல் வழியாக வந்தது. இங்கிலாந்தில் அதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள். 1571-ல் வந்த அந்தச் சட்டப்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் ஞாயிறும் பண்டிகை நாளும் கம்பளியில் பின்னிய குல்லா அணிய வேண்டும், தவறினால் அபராதம். குல்லா பின்னிப் பிழைத்தவர்களைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஜனங்கள் மதிக்கவில்லை, 1597-ல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கப்பல்காரர்கள் மட்டும் சட்டம் இல்லாமலே குல்லாவை விடவில்லை. தொப்பிக்கு விளிம்பு இருந்தால் கடற்காற்று கொண்டுபோய்விடும். குல்லா தலையைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படிப் பிடிப்பதன் ரகசியம் 'ரிப்' பின்னல். இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி மறுபுறமாக என்று மாறி மாறிப் போட்டால் துணி வரப்பு வரப்பாக எழும்பும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி தானாகச் சுருங்கும், இழுத்தால் விரியும், விட்டால் பழையபடி ஆகும். டெர்பி ஊர்க்காரர் ஜெடிடையா ஸ்ட்ரட் இந்தப் பின்னலை இயந்திரத்தில் போடும் வழிக்கு 1759-ல் காப்புரிமை வாங்கினார். இன்று திருப்பூர் பனியனின் கழுத்துப் பட்டையில் இருப்பதும் அதே வரப்புதான்.

மங்கி குல்லா பட்டாளத்து வழி வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் பாலக்லாவா. அது 1854-ல் கிரிமியப் போர் நடந்த ஓர் ஊரின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் நம் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கதை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நான்கே நாள் கழித்து இந்தியச் சிப்பாய்கள் பிரான்சில் மார்சேல் துறைமுகத்தில் இறங்கினார்கள். பருத்திக் காக்கியோடு ஐரோப்பியக் குளிரில் மாட்டிக்கொண்ட அவர்களுக்குப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னி அனுப்பிய குல்லாவும் மப்ளரும் காலுறையும்தான் கைகொடுத்தன.

இனி எங்கள் வீட்டுக் கதை.

நைனா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். 1961-ல் ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரர் ஊர் திரும்பும்போது தன் தலையில் இருந்த பச்சைக் குல்லாவைக் கழற்றி நைனாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். விடிகாலை ஷிஃப்டுக்கு நைனா அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். தெருப் பிள்ளைகள் "கேப்டன்" என்று கூப்பிடுவார்கள். அவருக்கு உள்ளுக்குள் பெருமை.

அந்த வருடம் டிசம்பரில் என் தம்பி பிறந்தான். எட்டாம் மாசம். எடை மூன்றே முக்கால் பவுண்டு. "எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்று வந்தவர்களெல்லாம் அம்மா காதில் விழும்படியே பேசினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவன் தலை ஒரு பெரிய சாத்துக்குடி அளவுதான். "இந்தப் பிள்ளைக்கு உடம்பைவிடத் தலை பெரிசு, சூடெல்லாம் அது வழியாப் போயிடும். மூடி வைங்க" என்றார் நர்சம்மா.

அம்மா ராயபுரத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர். அந்நாளில் அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் பாடம். ஊசி வீட்டில் இருந்தது, நூல் இல்லை. "அந்தப் பச்சைக் குல்லாவைக் கொண்டு வாங்க" என்றார் அம்மா. நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை அதைப் பிரித்து, அலசி, காயவைத்துக் கொண்டுபோனார். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி ஒரே ராத்திரியில் பின்னி முடித்தார். அளவெடுக்கவே இல்லை. ரிப் போட்டால் தலைக்குத் தக்கபடி அதுவே பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தம்பி ஆறு மாதம் ஆனபோதும் அதே குல்லா அவனுக்குச் சரியாக இருந்தது.

குல்லாதான் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். நர்சம்மாவின் கவனிப்பும், இரவு பகலாக அம்மா மார்போடு அணைத்து வைத்திருந்ததும் சேர்ந்துதான் அவன் பிழைத்தான். பின்னாளில், 1978-ல், கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் டாக்டர்கள் இதையே கங்காரு முறை என்று வகுத்தார்கள். குழந்தை தாயின் மார்பில், தலையில் ஒரு குல்லா. தம்பி இப்போது எண்ணூரில் பேரன் பேத்தியோடு இருக்கிறான்.

இந்த மார்கழிக்கு ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்காக நான்கு சின்னக் குல்லா பின்னியிருக்கிறேன். நாலால் வகுபடும் எண்ணில் கண்ணி ஏற்ற வேண்டும். சிறிசுக்கு நான் 64 போடுவேன். இரண்டு நேர், இரண்டு மறுபுறம். உயரம் போதுமானதும் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துக் குறைத்து, மிச்சத்தில் நூலைக் கோத்து இறுக்கி, ஓரத்தைத் தைத்துவிட வேண்டியதுதான். பொத்தானும் குஞ்சமும் வேண்டாம், குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். போட்டுவிடுவதும் டாக்டர் சொன்னால்தான். நம் ஊர் வெயிலில் நல்ல எடையுள்ள பிள்ளைக்கு அது புழுக்கம்.

பேத்தியும் ஊசியைக் கையில் எடுத்திருக்கிறாள். முதல் வரிசையில் எண்ணினால் 61 இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.