மரவள்ளியும் தோட்டத்துப் பஞ்சமும்

1973–74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் இலங்கைத் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. அக்காலத்தில் இரத்தினபுரி, கேகாலை மாவட்ட லயங்களில் வாழ்ந்தோரின் பசி தீர்த்த உணவுகளுள் மரவள்ளிக்கிழங்கும் ஒன்றாகும். ஆயினும், அக்கிழங்கு நஞ்சும் உடையது. வெட்டும்போது அதிலுள்ள லினமரின் நொதியத்தாற் சிதைந்து, அசற்றோன் சயனோஐதரின் என்னும் எளிய நைத்திரைலைத் தருகின்றது. நிறமற்ற இத்திரவம் அமிலத்தில் நிலைபெறும். காரத்திலும் வெப்பத்திலும் அசற்றோனாகவும் ஐதரசன் சயனைட்டாகவும் பிரியும். இவற்றுட் பின்னது 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகிவிடும். ஆலைகளில் இவ்விரண்டையும் கூட்டியே அந்நைத்திரைலை ஆக்குவர். பேர்சுபெக்சு போன்ற பிளாத்திக்குகளுக்கு அது மூலப்பொருளாகும்.

தோலுரித்து, துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் அவித்து, நீரை வடித்த தோட்டத்துப் பெண்கள் இப்பெயர்களை அறிந்திலர். நஞ்சை நீக்கும் வழியை அறிந்திருந்தனர். பஞ்சத்தின் வரலாற்றை எழுதுவோர் இறப்புக் கணக்கோடு அவ்வறிவையும் பதிவுசெய்தல் வேண்டும்.