ஜாதகம் கணிக்கிற ஊர்: பூமர் முதல் விண்ட்ரஷ் வரை



செமினார் கட்டுரை எழுத உட்கார்ந்தால் கை தானா பதிவு எழுதுது. என்ன செய்ய? :-)

'பூமர்' என்றால் தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு பெட்டிக்கடை பபுள்கம். இன்றைக்கு அது வசவு. "தம்பி, ஹெல்மெட் போட்டு ஓட்டு" என்று சொன்னால் போதும், "போங்க பூமர்" என்று பதில் வருகிறது. சொன்னவருக்கு வயது முப்பத்திரண்டாக இருந்தாலும் சரி. 2024-ல் யோகி பாபு நடித்து 'பூமர் அங்கிள்' என்று படமே வந்துவிட்டது. நம்மாளுங்க அதோட நிக்கலை. சொந்தமாகவே இரண்டு பேர் கண்டுபிடிச்சாங்க: 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ். முதல் கூட்டத்துக்கு கல்யாணம் ஆகாது, இரண்டாவது கூட்டத்துக்கு பொறுப்பு கிடையாது. முடிஞ்சது ஜாதகம்.

ஜாதகம் என்று சும்மா சொல்லவில்லை. நம்ம ஊர் ஜோசியருக்கு பிறந்த நாள், நேரம், ஊர் மூணும் வேண்டும். இந்த தலைமுறை ஜோசியத்துக்கு வருஷம் மட்டும் போதும். 1981-ல் இருந்து 1996-க்குள் பிறந்தால் மில்லேனியல், 1997-ல் இருந்து 2012 வரை ஜென் சீ. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வகுத்த கணக்கு இது. அந்த மையமே 2023-ல் "இனிமேல் இந்தப் பேர்களை முன்பு மாதிரி பயன்படுத்தப் போவதில்லை" என்ற மாதிரி ஒதுங்கிக்கொண்டது. நாம்தான் இன்னும் விடவில்லை.

இந்தப் பேர் வைக்கிற பழக்கத்தின் கதையில் பாதி, நான் இப்போது படிக்க வந்திருக்கும் லண்டனில் நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மான்ஹைம் சொன்னது என்ன?

கார்ல் மான்ஹைம் 1893-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் பேராசிரியராக இருந்தார். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் வேலை போனது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அவருக்கு இடம் கொடுத்தது. 1947-ல் லண்டனிலேயே இறந்தார். தலைமுறைகள் பற்றி அவர் 1928-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரைதான் இன்று வரை எல்லோரும் எடுத்துக் காட்டுவது.

அதன் சாரம் ரொம்ப எளிமை. ஒரே வருஷத்தில் பிறந்ததால் மட்டும் ரெண்டு பேர் ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள். இளவயதில் ஒரே வரலாற்று நிகழ்ச்சிக்குள் இருவரும் மாட்டியிருக்க வேண்டும். அப்படி மாட்டியவர்களுக்குள்ளும் நேரெதிர் கட்சிகள் இருக்கும்.

நம்ம ஊருக்கு கொண்டு வந்து பார்ப்போம். 1946-ல் மதுரையில் பிறந்த ஒருவர். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது அவருக்கு கல்லூரி வயது. அதே வருஷம் யாழ்ப்பாணத்தில் பிறந்த இன்னொருவர். 1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவருக்கு பத்து வயது. இரண்டு பேரும் தமிழர், இரண்டு பேர் வாழ்க்கையிலும் மொழிச் சிக்கல். ஆனால் ஒருவர் தான் ஆதரித்த கட்சி 1967-ல் ஆட்சியைப் பிடித்ததைப் பார்த்திருக்கலாம். இன்னொருவர் அரசு வேலையின் கதவு சாத்தப்படுவதைப் பார்த்து வளர்ந்தார். மதுரைக்காரரோடு அதே வகுப்பில் படித்தவர்களிலேயே, தி.நகர் இந்தி பிரசார சபாவின் பரீட்சையை எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். அமெரிக்கக் கணக்குப்படி இவங்க எல்லாருமே 'பூமர்'. போர் முடிந்து 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் பிறப்பு எகிறியது, அதனால் வந்த பேர் அது. மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்தக் கணக்கில் என்ன வேலை?

முதல் 'ஜெனரேஷன் எக்ஸ்'

இது எனக்குப் பிடித்த கதை. 1964-ல் ஜேன் டெவர்சன் என்ற பத்திரிகையாளரிடம் ஒரு பிரிட்டிஷ் பெண்கள் பத்திரிகை, இளைஞர்களைப் பேட்டி எடுத்துவரச் சொன்னது. பசங்க மனசு விட்டுப் பேசிட்டாங்க. கடவுள், காதல், அப்பா அம்மா, ராணி, ஒன்றையும் விடவில்லை. பத்திரிகை பயந்து போய் போடவில்லை. அவர் சார்லஸ் ஹாம்ப்லெட்டோடு சேர்ந்து அதைப் புத்தகமாகப் போட்டார். பேர் 'ஜெனரேஷன் எக்ஸ்'. 1976-ல் பில்லி ஐடல் தன் பங்க் இசைக்குழுவுக்கு அந்தப் பேரை வைத்தார். கனடாக்காரர் டக்ளஸ் கூப்லேண்ட் 1991-ல் அதே தலைப்பில் நாவல் எழுதினார். அதன் பிறகுதான் அந்தப் பேர் அறுபதுகளின் நடுவிலிருந்து 1980 வரை பிறந்தவர்களின் தலையில் ஒட்டியது.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. 1964-ல் டீன் ஏஜில் இருந்து 'ஜெனரேஷன் எக்ஸ்' என்று முதலில் பேர் வாங்கியவர்கள் பிறந்தது நாற்பதுகளின் பிற்பாதியில். அதாவது இன்றைய 'பூமர்'கள்! அன்றைக்கு அவர்கள் மீது வைத்த குற்றச்சாட்டு: கட்டுப்பாடு இல்லை, மரியாதை தெரியாது, எதிலும் பிடிப்பு கிடையாது. இன்றைக்கு அதே ஆட்கள் மீது வைக்கிற குற்றச்சாட்டு: பழமைவாதி, எப்பப் பார்த்தாலும் அறிவுரை. மாறினது அவங்க வயசுதான்.

அதே 1964-ல் கிளாக்டன், பிரைட்டன் கடற்கரைகளில் மாட்ஸ், ராக்கர்ஸ் என்று இரண்டு இளைஞர் கூட்டங்கள் அடித்துக்கொண்டன. பத்திரிகைகள் நாடே கெட்டுப்போனதாக எழுதின. ஸ்டான்லி கோஹன் அதை ஆராய்ந்து 1972-ல் புத்தகமாக்கினார். உண்மையில் நடந்த சேதத்தை விட எழுதப்பட்ட சேதம் பல மடங்கு என்று காட்டினார். ரீல்ஸ் பார்த்து 2கே கிட்ஸ் கெட்டுப்போச்சுன்னு நாம இன்னைக்குப் புலம்புறதுக்கு அறுபது வருஷப் பாரம்பரியம் இருக்கு.

வயசா, காலமா, கூட்டமா?

லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பாபி டஃபி 2021-ல் தலைமுறைகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். வயசு, காலம், கூட்டம்.

இருபது வயதில் ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருப்பது வயசு. எல்லாத் தலைமுறையும் செய்ததுதான். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போனது காலம். தாத்தாவும் பேரனும் ஒரே ஏடிஎம் வரிசையில் நின்றார்கள். கூட்டம் என்பது ஒரு குறிப்பிட்ட வயதில் இருந்தவர்களை மட்டும் தொட்டு, கடைசி வரை கூடவே வருவது.

எனக்கு உதாரணம் தேட தூரம் போக வேண்டாம். 2021-ல் கொரோனாவால் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. நானும் அந்த பேட்ச்தான். "பரீட்சை எழுதாம பாஸான பசங்க" என்ற பட்டம் கல்லூரி முழுக்கக் கூடவே வந்தது. முதல் வேலை நேர்காணலிலும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அந்த வருஷத்தில் வீட்டில் ஒரே ஒரு போனை மூணு பிள்ளைகள் பகிர்ந்து வகுப்பு கேட்டதும், பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போனதும் அந்தப் பட்டத்தில் இல்லை. ஒரு கூட்டத்துக்கு நடந்த விஷயத்தை அந்தக் கூட்டத்தின் குணமாக மாற்றிவிடுவதுதான் இந்தப் பட்டங்களின் வேலை.

இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கு. மில்லேனியல்கள் கணினியோடு பிறந்தவர்களாம். அந்தக் கணக்கு தொடங்குகிற 1981-ல்தான் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூறுகளில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தில் மின்சாரமே கிடையாது. அந்தப் பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். 1995 அக்டோபர் கடைசியில் லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஊரை விட்டு நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பத்து வயதில் நடந்த பிள்ளையும் மில்லேனியல்தான்.

லண்டன் தமிழர்களின் சொந்த லேபிள்கள்

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி பக்கம் கொஞ்ச நாள் பழகினால் இன்னொரு கணக்கு காதில் விழும். இது பிறந்த வருஷத்தை வைத்து இல்லை, வந்த வருஷத்தை வைத்து. '83-க்கு முன்னம் வந்த ஆக்கள்', '83-க்குப் பிறகு வந்த ஆக்கள்', 'ஸ்டூடண்ட் விசாக்காரர்', 'இஞ்ச பிறந்த பிள்ளையள்'. முன்னம் வந்தவர் டாக்டர், இஞ்சினியர், கணக்காளர், கொஞ்சம் தலைக்கனம். பிறகு வந்தவர் பெட்ரோல் நிலையம், கடை கல்லா, படிப்பு குறைவு. இஞ்ச பிறந்ததுக்கு தமிழும் இல்லை, ஊர்க் கவலையும் இல்லை. இதுவும் ஜாதகம்தான்.

வரலாறு வேற சொல்லுது. 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் பெருமளவில் வரத் தொடங்கியதும், 1985-ல் பிரிட்டன் இலங்கைக்காரர்களுக்கு விசா கட்டாயமாக்கியது. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள், உள்ளாடையோடு நின்று போராடி விமானத்தில் ஏற மறுத்தார்கள். விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்ற சட்டம் அந்த வருஷமே வந்தது. ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கப்பலையே தடுப்பு முகாமாக்கி அதில் பலரை வைத்திருந்தார்கள். அக்டோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது. இத்தனையும் தாண்டி வந்து கல்லாவில் நின்றவர் என்ன படித்திருந்தார் என்று அந்தக் கல்லா சொல்லாது.

'இஞ்ச பிறந்த பிள்ளையள்' கதை 2009-ல் தெரிந்தது. ஏப்ரல் 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்து உட்கார்ந்தவர்களில் நிறைய பேர் இளைஞர்கள், மாணவர்கள். பாராளுமன்றச் சதுக்கத்தில் அந்தப் போராட்டம் இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தது. கவலை இல்லாத தலைமுறை செய்கிற வேலையா அது?

லேபிள் சட்டமானால்

இதுவரை சொன்னதெல்லாம் கேலி, கிண்டல், மனவருத்தம். ஒரே ஒரு லேபிள் மட்டும் அப்படி இல்லை.

1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் லண்டனுக்குக் கிழக்கே டில்பரியில் வந்து நின்றது. ஆயிரத்துச் சொச்சம் பயணிகள். 800 பேருக்கு மேல் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அந்தக் கப்பலின் பேரை வைத்து, பல பத்தாண்டுகள் கழித்து, 'விண்ட்ரஷ் தலைமுறை' என்ற பேர் நிலைத்தது. அவர்களில் பலர் குழந்தைகளாக வந்தவர்கள். வரும்போது காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. 1971 குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே குடியேறியிருந்தவர்களுக்கு இருக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. அதை நிரூபிக்கும் ஆவணத்தை யாரும் கொடுக்கவில்லை. பழைய தரையிறங்கு அட்டைகளை உள்துறை 2010-ல் அழித்தது. அதன் பின் வந்த சட்டங்கள் வேலைக்கும், வாடகை வீட்டுக்கும், மருத்துவத்துக்கும் காகிதம் கேட்டன. வாழ்நாள் முழுக்க இங்கே வரி கட்டியவர்கள் வேலையை இழந்தார்கள், அடைத்து வைக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018-ல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

அதன் பிறகு அரசு கொண்டுவந்த திட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. பேர் விண்ட்ரஷ். ஆனால் அதன் வரையறை கரீபியனோடு நிற்கவில்லை. 1973-க்கு முன் வந்து குடியேறிய காமன்வெல்த் நாட்டவர் எல்லோரும் அதில் அடக்கம். இந்தியரும், சிலோன்காரரும். 1988 கடைசிக்குள் வந்து குடியேறிய மற்றவர்களுக்கும் அதில் வழி உண்டு.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் ஐயா 1968-ல் சிலோன் பாஸ்போர்ட்டில் கணக்கியல் படிக்க வந்தவர். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அது கறுப்புச் சனத்தின்ட பிரச்சினை, தம்பி. நாங்கள் அந்த ஆக்கள் இல்லை" என்றார். அவருக்குப் பிரச்சினை இல்லை, எப்போதோ பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்துவிட்டார். ஆனால் அவரோடு வந்த எல்லோரும் எடுத்தார்களா என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தர் பேரைச் சொன்னார். "அவன் ஊருக்குத் திரும்பிப் போறன் எண்டு சொல்லிச் சொல்லியே ஒண்டும் எடுக்கேல்லை." அன்று சாயந்திரமே அவருக்குப் போன் போட்டுப் பேசினார்.

ஒரு கப்பலின் பேரும் ஒரு இனத்தின் முகமும் அந்த லேபிளில் ஒட்டிவிட்டதால், உரிமை உள்ள ஒருவர் அதைத் தன்னுடையது இல்லை என்று நினைக்கிறார். பூமர், 2கே எல்லாம் ஒருவரை அவர் இல்லாத கூட்டத்தில் தள்ளுகின்றன. இது அவர் இருக்கும் கூட்டத்திலிருந்தே அவரை வெளியே நிறுத்திவிட்டது.

அதனால் ஒரு வேண்டுகோள். பிரிட்டனில் உங்களுக்குத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், எந்த வருஷம் வந்தாங்க, கையில் என்ன காகிதம் இருக்கு என்று ஒரு தடவை கேளுங்க. பூமர் என்று கூப்பிடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். :-)

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு "பூமர் மாதிரி எழுதியிருக்கே"ன்னு பின்னூட்டம் போடப்போகும் புண்ணியவான்களுக்கு: நான் 2கே கிட். ஜாதகத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும்.