மனநல வார்டுகளில் வன்முறை: கட்டப்படுவோர் யார் என்ற கணக்கு வேண்டும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் பலியாயின. அதன்பின் 16 ஆண்டுகள் கழித்து இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்தது (பிரிவு 95).

சங்கிலி போனாலும் கயிறும் பூட்டிய அறையும் எஞ்சுகின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவது பிரிவு 97. தனியறையில் அடைத்து வைப்பதை அது முற்றாக விலக்குகிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், தேவையான நேரத்துக்கு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, பணியாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ அதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு நிகழ்வும் மருத்துவக் குறிப்பில் பதியப்பட்டு, மாதந்தோறும் மறுஆய்வு வாரியத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

பிரிவு 18 சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையை உரிமையாக்குகிறது. பிரிவு 20 கட்டாய வேலையையும் கட்டாய மொட்டையடித்தலையும் தடுக்கிறது. ஆயினும், கட்டப்பட்டவர் எச்சமூகத்தவர், வார்டைக் கூட்டச் சொல்லப்பட்டவர் யார் என்ற விவரத்தைப் பதியுமாறு சட்டம் கோரவில்லை. பதியப்படாத பாகுபாட்டை எந்த வாரியத்தின் முன்பும் மெய்ப்பிக்க இயலாது.

இங்கிலாந்து இதில் ஒரு படி முன்சென்றது. 2010இல் ஓலசெனி லூயிஸ் என்ற 23 வயதுக் கறுப்பின இளைஞர், மனநல மருத்துவமனையில் காவலர்கள் அழுத்திப் பிடித்ததைத் தொடர்ந்து இறந்தார். அவர் குடும்பத்தின் நெடிய போராட்டத்தால் பிறந்த 2018ஆம் ஆண்டுச் சட்டம், பலப்பிரயோகத்துக்கு உள்ளானவரின் இனத்தையும் பதியச் சொல்கிறது.

வன்முறை தவிர்க்க முடியாததும் அன்று. லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் 31 வார்டுகளில் 'சேஃப்வார்ட்ஸ்' முறை சோதிக்கப்பட்டது. கனிவான சொல், கெட்ட செய்தியைச் சொல்லும் பக்குவம், நோயாளரும் பணியாளரும் ஒருவரையொருவர் அறிதல், பரஸ்பர உதவிக் கூட்டம் முதலிய பத்து எளிய நடைமுறைகள் அதில் அடங்கும். 2015இல் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டு வார்டுகளைவிட மோதல்கள் 15 விழுக்காடும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 விழுக்காடும் குறைந்தன.

எனவே கோரிக்கைகள் மூன்று: மாதாந்திர அறிக்கைகள் சாதி, பாலின வாரியாகத் தொகுக்கப்பட்டு, தனிநபர் அடையாளமின்றி வெளியிடப்பட வேண்டும்; செவிலியருக்கும் உதவியாளருக்கும் மோதல் தணிப்புப் பயிற்சி வேண்டும்; வாரியங்களில் தலித் மக்களுக்கு இடம் வேண்டும். நோயுற்ற நிலையிலும் மனிதர் தம் மாண்பை இழப்பதில்லை.