டிம் சம்: நெஞ்சும் வயிறும்

விடுமுறைக்கு ஹாங்காங் போகிறவர்கள் ஒரு வேளையாவது டிம் சம் சாப்பிடாமல் திரும்புவதில்லை. மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வரும் ஹர் காவ் என்ற இறால் கொழுக்கட்டையும் சியூ மாயும் அந்த மேசையில் தவறாமல் இருக்கும். ‘இதயத்தைத் தொடுவது’ என்றே டிம் சம் என்ற பெயருக்குப் பலரும் பொருள் சொல்கிறார்கள். கேட்க இனிமைதான், சொல்லின் பழைய ஆட்சிகளோ பசியைப் பேசுகின்றன.

டிம் சம் என்பது கான்டனிய உச்சரிப்பு, மாண்டரினில் தியென்சின். முதல் எழுத்துக்குப் புள்ளி, லேசாகத் தொடுதல் என்று பொருள், இரண்டாவதற்கு நெஞ்சு. 12ஆம் நூற்றாண்டில் வூ ட்செங் எழுதிய குறிப்பு நூல் ஒன்று இச்சொல்லைத் தாங் அரசர் காலம் வரை கொண்டுபோகிறது. அதில் ஒரு பெண், தான் இன்னும் ஒப்பனை முடிக்கவில்லை என்றும், அதுவரை தியென்சின் செய்துகொள்ளுமாறும் தம்பியிடம் சொல்கிறாள். அங்கே அது பண்டத்தின் பெயரன்று, வினைச்சொல்: சாப்பாட்டுக்கு முன் பசிக்குச் சிறிது உண்பது. வினை பின்னாளில் பண்டத்துக்குப் பெயராயிற்று.

பசிக்கு நெஞ்சு எதற்கு? சீனத்தில் அந்த எழுத்து மனத்தையும் வயிற்றையும் சேர்த்தே குறிக்கும். வெறும் வயிற்றைக் ‘கோங்சின்’, அதாவது வெற்று நெஞ்சு, என்பார்கள். இரைப்பையின் புளிப்பு மேலேறினால் நாமும் நெஞ்செரிச்சல் என்றுதானே சொல்கிறோம்! தேஷான் என்ற பௌத்தத் துறவியின் கதை இந்த இரட்டைப் பொருளில்தான் நிற்கிறது. வழியில் தின்பண்டம் விற்ற கிழவியிடம் அவர் தியென்சின் கேட்டார். சென்ற மனம், இன்றைய மனம், வரும் மனம் எதுவும் பிடிபடாது என்று உங்கள் வச்சிர சூத்திரம் சொல்கிறதே, நீங்கள் எந்த மனத்துக்குத் தியென்சின் கேட்கிறீர்கள் என்றாள் அவள். துறவியிடம் பதில் இல்லை.

குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் இதைச் சாப்பிடப் போவதற்கு ‘யும் சா’ என்று பெயர்: தேநீர் குடித்தல். ஆஸ்திரேலியாவில் அந்த உணவுக்கே யும் சா என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1933இல் தொடங்கிய ஹாங்காங்கின் லூக் யூ தேநீரகம், தேநீருக்கென்று நூல் எழுதிய 8ஆம் நூற்றாண்டு அறிஞர் லூ யூவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘ஒரு கிண்ணம், இரண்டு உருப்படி’, அதாவது ஒரு கிண்ணம் தேநீரும் இரண்டு தின்பண்டமும், என்பது அத்தகைய தேநீரகங்களின் பழைய வழக்கு. அந்தச் ‘சா’வுக்கு உறவுதான் மலையாளியின் சாயா, நம் தேயிலையின் ‘தே’ ஃபூஜியன் கரையில் அதே பானத்துக்கு வழங்கிய பெயர்.

ஆகவே யும் சாவுக்குப் போகிறவர்கள் முதலில் தேநீரைத் தேர்ந்தெடுக்கட்டும். போலே என்ற தேநீரா, சாமந்தித் தேநீரா என்று முடிவு செய்துவிட்டு, இரண்டு கூடைகளோடு தொடங்கி, பசியைப் பார்த்து மேலே கேட்கலாம். சிறிது உண்பதற்குத்தான் அந்தச் சொல்லே பிறந்தது.